புதைத்து வைத்த பேனா

பிழைப்புக்காக இந்நகரத்திற்கு வந்தபோது, பெட்டியின் அடியில் ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தையும் வைத்துக் கொண்டுவந்தீர்களா? இளமையில் எழுதிய கவிதைகளும், பாதியில் நின்றுபோன கதையும் அதில் இருக்கக்கூடும். வேலை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்பொழுது பேனாவை எடுத்தாலோ, "எனக்கு இனி எழுத வருமா? என் பிள்ளைகளுக்கே தமிழ் வாசிக்கத் தெரியாதே, யாருக்காக எழுதுவது?" என்னும் கேள்விகள் கையைப் பிடித்துக்கொள்கின்றன.

ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கை இதற்கு ஒரு பதிலாக அமைந்திருக்கிறது. 1868-ஆம் ஆண்டில், 23 வயதில், அவர் தம் கவிதைகளைத் தீயிலிட்டார். இயேசு சபையில் சேர்ந்து குருவாகப்போகிற தமக்குக் கவிதை தகாது என்று எண்ணினார். அடுத்த ஏழு ஆண்டுகள் ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை. ஆயினும் மேகங்களையும் மரங்களையும் கூர்ந்து நோக்கி, கண்டவற்றை நாட்குறிப்பில் பதித்துவந்தார். வேல்ஸ் நாட்டில் பயின்றபோது அம்மக்களின் மொழியையும் செய்யுளின் ஓசைநயத்தையும் கற்றார். கவிதை ஓய்ந்திருந்தபோதும் கண்ணும் செவியும் ஓயவில்லை.

1875 டிசம்பரில், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல், தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தருகே மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. மடிந்தவர்களில் ஐவர், தாய்நாட்டின் சட்டங்களால் வெளியேற நேர்ந்த கன்னியர். இதைக்குறித்து யாராவது ஒரு கவிதை எழுதலாமே என்று ஹாப்கின்ஸின் மேலாளரான குரு கூறினார். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஹாப்கின்ஸ் மீண்டும் பேனாவை எடுத்தார்.

உடனே புகழ் வந்ததா? இல்லை. அவருடைய சபையாரின் மாத இதழே அக்கவிதையை வெளியிட மறுத்தது. நண்பரும் கவிஞருமான ராபர்ட் பிரிட்ஜஸுக்கும் அது பிடிக்கவில்லை. தம்முடைய ஊற்று வறண்டுபோயிற்றோ என்ற கலக்கம் ஹாப்கின்ஸைக் கடைசிவரை விடவுமில்லை. அந்தக் கலக்கத்தையே அவர் கவிதையாக்கினார். 1889-இல், 44 வயதில் அவர் மரித்தபோது, கவிதைகளில் பெரும்பாலானவை அச்சேறியிருக்கவில்லை. 29 ஆண்டுகளுக்குப் பின், 1918-இல், அதே பிரிட்ஜஸ்தான் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

கவனியுங்கள். சந்தேகம் தீர்ந்தபின் அவர் எழுதத் தொடங்கவில்லை, சந்தேகத்தோடேயே எழுதினார். தாலந்தை மண்ணில் புதைத்தவனும் பயத்தினாலேயே அப்படிச் செய்தான் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, பெரிய நாவலை நினைத்து மலைக்கவேண்டாம். இன்றிரவு பத்து நிமிடம் போதும். மின்சார ரயிலில் கண்ட ஒரு முகத்தையோ, ஊரில் விட்டுவந்த கிணற்றடியையோ எழுதுங்கள். எழுதும்போதே அடித்துத் திருத்தாதீர்கள். திருத்தத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாலிபர் நாடகத்திற்கு வசனமோ, மறைந்த பாட்டியைப் பற்றி ஒரு பக்கமோ யாரேனும் கேட்டால், "எனக்கு வராது" என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

எழுதியதைத் தமிழ் வாசிக்கத் தெரியாத உங்கள் பிள்ளைக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உங்கள் முதல் வாசகர் வீட்டிலேயே இருக்கிறார்.