தொட்டித் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள்

ஜப்பானுக்குக் கிளம்பும் என் மாணவர்களுக்குக் கடைசி வகுப்பில் நான் இலக்கணம் நடத்துவதில்லை. குளியல் தொட்டியைப் பற்றித்தான் பேசுவேன். சென்னையில் உட்கார்ந்து ஜப்பானிய மொழி படிக்கிற பிள்ளைகளின் மனசில் கிமோனோ, செர்ரிப் பூ, புல்லட் ரயில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். நான் பலகையில் ஒரு தொட்டியை வரைந்து, அடியில் இருக்கும் அடைப்பைக் காட்டி, "இதை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்" என்பேன். சிரிப்பார்கள். ஆனால் ஒரு ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல அதைவிட உபயோகமான பாடம் என்னிடம் இல்லை.

ஜப்பானில் வெளிநாட்டு மாணவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 2024 மே மாதக் கணக்குப்படி 3,36,708 பேர். 2033-க்குள் அதை நான்கு லட்சமாக்க வேண்டும் என்பது அந்த அரசின் திட்டம். இவர்களில் பெரும்பாலோர் வாடகை அறையிலோ விடுதியிலோ இருந்துகொண்டு, கடைகளில் பகுதிநேர வேலை பார்த்து, படிப்பை முடித்துவிடுகிறார்கள். ஒரு ஜப்பானியர் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காமல் நாலு வருஷத்தை ஓட்டியவர்கள் உண்டு. அதில் ஆச்சரியமில்லை. நகரத்து வீடுகள் சிறியவை. நண்பர்களை வெளியே உணவகத்தில் சந்திப்பதுதான் அங்கே சகஜம், வீட்டுக்கு அழைப்பது அபூர்வம். வீட்டுக்குள் நுழைய நமக்கிருக்கும் நல்ல வழி ஹோம்ஸ்டேதான்.

வெளிநாட்டு இளைஞர்களைக் குடும்பங்களோடு தங்கவைக்கும் யோசனையை உலகில் பரப்பியதில் 1932-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' அமைப்புக்குப் பெரிய பங்குண்டு. பிறகு ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகள் பள்ளிப் பிள்ளைகளுக்காக அதைப் பெரிதாகச் செய்தன. ஏ.எஃப்.எஸ்.ஸின் ஜப்பானியக் குடும்பங்கள் காசு வாங்குவதில்லை, அது முழுக்கத் தன்னார்வம். மொழிப் பயிற்சித் திட்டங்களில் மாணவர் கட்டும் பணத்திலிருந்து சாப்பாட்டுச் செலவுக்கென்று குடும்பத்துக்கு ஒரு தொகை போவதுண்டு. 2018-லிருந்து 2022 வரை ஜப்பான் அரசு 'ஆசியா காகேஹாஷி' என்ற திட்டத்தில் ஆசிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வரவழைத்தது. ஐந்தாண்டுகளில் ஆயிரம் பேர் என்பது இலக்கு. இந்தியப் பிள்ளைகளும் அதில் போனார்கள்.

நான் தங்கியது கனஸாவாவில். ஜப்பான் கடலை ஒட்டிய இஷிகாவா மாகாணத்தின் தலைநகரம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழாத ஊர் என்பதால் பழைய தெருக்கள் அப்படியே இருக்கின்றன. ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் 2015-ல்தான் அங்கே வந்தது. நான் போனது அதற்கு முன்னால். வருஷம் முழுக்க மழை. "சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே" என்பது அந்த ஊர்ப் பழமொழி. அந்த வீட்டில் ஓய்வுபெற்ற ஒதோசான் (அப்பா), ஒகாசான் (அம்மா), ஒதோசானின் அம்மாவான பாட்டி என்று மூன்று பேர். பிள்ளைகள் டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் வேலைக்குப் போய்விட்டதால் மாடி அறை காலி. மாணவர்களை ஏற்றுக்கொள்ளும் வீடுகளில் கணிசமானவை இப்படிப்பட்டவைதான்.

தொட்டிக்கு வருகிறேன். ஜப்பானிய வீட்டில் தொட்டியை ஒரு ராத்திரிக்கு ஒரு தடவைதான் நிரப்புவார்கள். சூடு நாற்பது, நாற்பத்திரண்டு டிகிரி இருக்கும். தொட்டிக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்பு, ஷாம்பு எல்லாம் போட்டு, நுரை ஒரு துளி மிச்சமில்லாமல் அலசிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே அழுக்குத் தேய்ப்பதில்லை, சும்மா அமிழ்ந்து கிடப்பதுதான். வெளியே வந்ததும் சூடு ஆறாமல் மூடியைப் போட்டுவிட்டால், அடுத்தவர் அதே தண்ணீரில் இறங்குவார். மறுநாள் காலை ஒகாசான் ஒரு குழாயைத் தொட்டிக்குள் விட்டு, மிச்சத் தண்ணீரை வாஷிங் மெஷினுக்கு ஏற்றித் துணி துவைப்பார். கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர். விருந்தாளி என்று என்னைத்தான் முதலில் குளிக்கச் சொன்னார்கள். நான் அடைப்பைப் பிடுங்கியிருந்தால் மொத்தக் குடும்பத்தின் குளியலும் போயிருக்கும்.

நான் கும்பகோணத்தில் எச்சில், பத்து, தீட்டு எல்லாம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள். இன்னொருவர் இறங்கிய தண்ணீரில் நானா என்று உடம்பு கூசியது உண்மை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் பார்த்தால் கதை தலைகீழ். அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ஜோடிக் குச்சி, சொந்தமாக ஒரு சோற்றுக் கிண்ணம். ஒதோசானின் கிண்ணத்தில் வேறு யாரும் சாப்பிட மாட்டார்கள். எனக்கும் முதல் நாளே ஒன்றை ஒதுக்கிவிட்டார்கள். கடைசி நாள் வரை அதில்தான் சாப்பாடு. எங்கள் வீட்டில் எல்லாத் தட்டும் எல்லாருக்கும் பொது. கழுவிவிட்டால் தீர்ந்தது. ஒதோசான் ஒரு நாள் நான் பாட்டிலை அண்ணாந்து, உதட்டில் படாமல் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டார். வித்தை காட்டுகிறேன் என்று நினைத்து இன்னொரு தடவை செய்யச் சொன்னார். சட்டை நனையாமல் அவருக்கு அது வரவேயில்லை.

இடது கைதான் எனக்குப் பெரிய சங்கடம். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டால் நாய் சாப்பிடுவது போல என்று அங்கே பிள்ளைகளைத் திட்டுவார்கள். இடது கையால் கிண்ணத்தை நெஞ்சுவரை தூக்கிப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டில் இடது கையைக் கொண்டுவந்தால் முதுகில் ஒன்று விழும் ஊரிலிருந்து போனவளுக்கு அது பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தக்கூடாது என்பதையும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது என்பதையும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலாவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. இரண்டாவது தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும் முறை. சாவு வீட்டுக் காரியத்தைச் சாப்பாட்டு மேஜையில் செய்யாதே என்று எந்தத் தமிழ்ப் பாட்டியும் சொல்லியிருப்பார்.

சுத்தம், மரியாதை என்று கோடு கிழிப்பதில் அவர்களும் நாமும் ஒரே அளவு கண்டிப்புக்காரர்கள். கோடு விழும் இடங்கள்தான் வேறு. தேநீர்ச் சடங்கு வகுப்பில் இது புரியாது. கிமோனோ கட்டிவிட்டுப் படம் எடுக்கும் இரண்டு நாள் 'குடும்பத் தங்கல்' திட்டங்களிலும் புரியாது. அவற்றை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு நாளுக்கு எந்த வீடும் விருந்துக் கோலத்தில்தான் இருக்கும். குப்பையை எரியக்கூடியது, பிளாஸ்டிக், பாட்டில் என்று பிரித்து அதற்கதற்கான கிழமையில் தெருமுனையில் வைக்கும் வேலையும், மழை வருகிறதென்று ஓடிப்போய்த் துணி எடுக்கும் வேலையும் நம் தலையில் விழ வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு வர நேரமாகும் என்று சொல்ல மறந்ததற்கு ஒகாசானின் முகம் சற்றே இறுக வேண்டும். அப்போதுதான் நாம் அந்த வீட்டுப் பிள்ளை.

சைவச் சாப்பாட்டைப் பற்றித்தான் பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். "கறி, மீன் சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் எழுதினால் போதாது. மிசோ சூப்பில் மீன் துண்டு கண்ணில் படாது. ஆனால் அதன் அடிச்சாறு, பெரும்பாலும் புகைபோட்டுக் காயவைத்த சூரை வகை மீனைச் சீவிக் கொதிக்கவைத்து எடுத்தது. கடையில் விற்கும் கறிக் குழம்புக் கட்டிகளில் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். "மீன் சாறும் வேண்டாம், கொம்பு சாறு போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொம்பு என்பது கடல்பாசி வகை. அந்தக் கடலோரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் வடக்கே ஹொக்கைடோவிலிருந்து சரக்கேற்றி வந்த கிதாமாயெபுனே கப்பல்கள் கொம்பை இந்தத் துறைமுகங்களில் இறக்கிப் பழக்கிவிட்டன. விஷயம் தெரிந்ததும் ஒகாசான் எனக்காகத் தனிப் பாத்திரம் வைக்கவில்லை. மொத்த வீட்டுக்கும் கொம்பு சாறாகவே மாற்றிவிட்டார். பதிலுக்கு நான் ரசம் வைத்தேன். ஒதோசான் வேர்த்து விறுவிறுத்து "பிரமாதம்" என்றார். இரண்டாவது கரண்டிக்குக் கிண்ணத்தை நீட்டவில்லை.

உள்ளறையில் முன்னோரை வணங்கும் வழிபாட்டுப் பீடம் இருந்தது. ஜப்பானின் தங்கத் தகட்டில் கிட்டத்தட்ட முழுவதும் செய்வது கனஸாவாதான்; மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மெல்லிசாகத் தட்டுவார்கள். அந்தப் பீடத்தின் உட்புறம் முழுக்க அந்தத் தங்கம். அந்தப் பகுதி ஜோதோ ஷின்ஷூ என்ற அமிதப் புத்தர் வழிபாட்டில் ஊறியது. காலையில் குக்கரைத் திறந்ததும் முதல் சோற்றைச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் வைத்துப் பாட்டி படைப்பார், மணியைத் தட்டுவார். பிறகுதான் மற்றவர்களுக்கு. நான் கொண்டுபோன மைசூர்பாகுப் பெட்டியையும் பிரிக்காமல் நேராக அங்கே கொண்டுபோய் வைத்தார். கொடுத்த பரிசைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே என்று மாணவர்கள் சிலர் வாடிப்போவதுண்டு. முன்னோருக்குக் காட்டாமல் அந்த வீட்டில் எதையும் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

ஜூலை முதல் தேதி அந்த ஊரில் எல்லாரும் ஹிமுரோ மஞ்சூ என்ற இனிப்புக் கொழுக்கட்டை தின்கிறார்கள். அந்தப் பகுதியை அந்நாளில் ஆண்ட காகா பிரபு குளிர்காலப் பனியை நிலவறையில் சேமித்துவைத்து, கோடையில் எடோவிலிருந்த (இன்றைய டோக்கியோ) ஷோகனுக்கு அனுப்பிவந்தார். அது நல்லபடி போய்ச் சேர வேண்டும் என்ற வேண்டுதலில் தொடங்கிய வழக்கம். கல்யாணமான பெண்ணின் புகுந்த வீட்டுக்குத் தாய்வீடு அந்தக் கொழுக்கட்டையைச் சீராக அனுப்புவதும் உண்டு. நடு ஜூலையில் முன்னோரை வரவேற்கும் ஓபோன். ஜப்பானின் பெரும்பகுதி ஆகஸ்டில் கொண்டாடுகிறது. பழைய கனஸாவா ஜூலையில் முடித்துவிடுகிறது. கல்லறைக்கு முன்னால் கிரிகோ என்ற காகித விளக்குப் பெட்டியைத் தொங்கவிடுவார்கள். வந்தவர் யார் என்று முன்னோருக்குத் தெரிய அதில் பெயர் எழுத வேண்டும். பாட்டி என் பெயரையும் எழுதச் சொன்னார்.

ஒதோசானிடம் ஓனோ சுசுமுவின் புத்தகங்கள் இருந்தன. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று வாதாடிய அறிஞர் அவர். நம் பொங்கலையும், ஜனவரி 15-ல் ஜப்பானில் காய்ச்சும் சிவப்புப் பயற்றுக் கஞ்சியையும் பக்கத்தில் வைத்துப் பேசியவர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த வாதத்தை ஏற்கவில்லை; எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களால்தான் ஒரு தமிழ்ப் பெண்ணை அனுப்புங்கள் என்று ஒதோசான் கேட்டிருந்தார் என்றால், ஓனோவுக்கு நான் கடன்பட்டவள்.

எல்லாம் சுகமாகவே அமையும் என்று சொல்ல மாட்டேன். என் மாணவி ஒருத்திக்கு வாய்த்த வீட்டில் கணவன் மனைவி இருவருமே இரவு வெகுநேரம் கழித்துத்தான் வேலை முடிந்து வருவார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பாடு, மேஜைமேல் துண்டுச் சீட்டு. அவள் தனிமையில் நொந்துபோனாள். ஒருங்கிணைப்பாளரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு வீடு மாற்றிக் கொடுத்தார்கள். சகித்துக்கொள்வதுதான் மரியாதை என்று நினைத்துப் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. கேளுங்கள். அதற்காகத்தான் அந்த ஒருங்கிணைப்பாளர்.

2024 புத்தாண்டு அன்று நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்தது. கனஸாவாவும் கடுமையாகக் குலுங்கியது. அன்று ராத்திரி ஒகாசானைத் தொலைபேசியில் பிடித்தபோது, "உனக்கு முன்னால் பிரேசில் பையனும் தைவான் பெண்ணும் கூப்பிட்டுவிட்டார்கள்" என்றார். அலமாரிச் சாமான்கள்தான் உடைந்தனவாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

இப்போது தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பரிமாற்றம் ஒரு பக்கம் மட்டும் ஓடினால் போதாது. ஏ.எஃப்.எஸ். இந்தியாவிலும் இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களைத் தங்கவைக்க இங்கேயும் குடும்பங்கள் வேண்டும். ஒரகடத்திலும் ஸ்ரீசிட்டியிலும் ஜப்பானிய நிறுவனங்கள் இருப்பதை நாம் அறிவோம். அந்த நாட்டுப் பிள்ளை ஒன்று நம் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்திருக்கிறோமா? உங்கள் பிள்ளைகள் வெளியூர் போய் மாடி அறை காலியாகக் கிடந்தால் யோசித்துப் பாருங்கள். ஏ.சி.யும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். வருகிற பிள்ளைக்குத் தினமும் ஒரு வேலை கொடுங்கள், எச்சில் என்றால் என்னவென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.