பாட்டிலுக்குக் கம்பி வலை ஏன்?
ஸ்பெயின் சிவப்பு ஒயினின் கதை!

பாட்டிலைச் சுற்றித் தங்க நிறத்தில் மெல்லிய கம்பி வலை. பார்த்தால் அலங்காரம் என்றுதான் தோன்றும்.

அலங்காரம் அல்ல! அது திருடனுக்குப் போட்ட பூட்டு!

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கிறது 'ரியோஹா' வட்டாரம். அங்கே தயாராகும் சிவப்பு ஒயினுக்குப் பேர் வந்ததும் போலிகள் கிளம்பினார்கள். காலிப் பாட்டிலை வாங்குவது, மட்டச் சரக்கை ஊற்றுவது, கார்க்கை அடித்து உயர்ந்த விலைக்குத் தள்ளிவிடுவது! 1858-ல் தொடங்கிய 'மார்க்கேஸ் தே ரிஸ்கல்' நிறுவனம் ஒரு யோசனை செய்தது. பாட்டில் முழுவதையும் கம்பி வலையால் மூடியது. வலையை அறுக்காமல் கார்க்கை எடுக்க முடியாது. அறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

இன்று அந்த வலை வெறும் அழகுக்குத்தான். ஆனால் பழைய வழக்கத்தைப் பலர் விடவில்லை.

பூச்சி தந்த யோகம்

அந்தப் பேர் எப்படி வந்தது? ஒரு பூச்சியால்!

1860-களில் பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் 'பிலாக்சரா' என்ற பூச்சி புகுந்தது. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். கொடி பட்டுப்போகும். சரக்கு இல்லாமல் தவித்த பிரெஞ்சு வியாபாரிகள் மலை தாண்டி ரியோஹாவுக்கு ஓடி வந்தார்கள். 'ஆரோ' என்ற ஊரில் ரயில் நிலையத்தை ஒட்டியே ஒயின் கிடங்குகள் எழுந்தன. இன்றும் அங்கேயே இருக்கின்றன.

ஆனால் 1899-ல் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது! தோட்டங்கள் அழிந்தன. கடைசியில் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில், ஊர்க் கொடியை ஒட்டுப் போட்டுத்தான் பிழைத்தார்கள்.

ருசி எப்படி?

முக்கியத் திராட்சையின் பேர் 'டெம்ப்ரானியோ'. சீக்கிரம் பழுப்பதால் வந்த பேர். செர்ரிப் பழ வாசனை, நாக்கைக் கொஞ்சம் பிடிக்கும் துவர்ப்பு. 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயில் ஊறும்போது வெனிலா வாசனையும் ஏறும். வயசு ஆக ஆகத் தோல், புகையிலை வாசனை வரும்.

பாட்டிலின் பின்னால் ஒட்டிய சீட்டைப் பார்த்தால் வயசு தெரிந்துவிடும். சிவப்புச் சீட்டு 'கிரியான்சா': 2 வருஷம் ஊறியது. அதில் 1 வருஷமாவது பீப்பாயில். 'ரெஸெர்வா' என்றால் 3 வருஷம். நீலச் சீட்டு 'கிரான் ரெஸெர்வா': 5 வருஷம். அதில் 2 வருஷமாவது பீப்பாயில்!

கூட என்ன சாப்பிடுவது?

அந்த ஊர்க்காரனைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வான்: "ஆட்டுக்குட்டி சாப்ஸ்!" வெட்டிப் போட்ட திராட்சைக் கொடிச் சுள்ளியை எரித்து, அந்தத் தணலில் சுடுவார்கள். கறியின் கொழுப்பு ஒயினின் துவர்ப்பை அடக்கும்; துவர்ப்பு நாக்கில் ஒட்டிய கொழுப்பைக் கழுவும். ஒன்றுக்கொன்று தோது!

உருளைக்கிழங்கும் 'சோரித்தோ' என்ற மிளகாய்ப்பொடி போட்ட பன்றிக்கறித் தொத்திறைச்சியும் சேர்த்த குழம்பு இன்னொரு ஜோடி. லொக்ரோன்யோ நகரில் லவ்ரெல் தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கடைகள். பூண்டு போட்டு வாட்டிய காளானை ரொட்டித் துண்டில் குத்தித் தருவார்கள். ஒரு கடையில் ஒரு துண்டு, ஒரு கிளாஸ். அடுத்த கடைக்கு நடை!

ரொம்பக் காரம் ஆகாது. சாராயச் சத்து காரத்தை இன்னும் எரிய வைக்கும். மெலிசான வெள்ளை மீனும் சரிப்படாது. வாயில் இரும்பு ருசி தட்டும்.

தோட்டக்காரன் கவலை

இவ்வளவு பேர் இருந்தும் இன்று கவலை வேறு! ஐரோப்பாவில் சிவப்பு ஒயின் குடிப்பது குறைந்துவிட்டது. கிடங்கில் சரக்குத் தேங்கியது. 2023-ல் ரியோஹாவில், திராட்சையைக் காயாக இருக்கும்போதே வெட்டிப் போட விவசாயிகளுக்கு மானியம் தரும் நிலை வந்தது.

பூச்சிக்கு ஒட்டுக்கொடி கிடைத்தது. போலிக்குக் கம்பி வலை கிடைத்தது. வாங்க ஆள் இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறான் எப்ரோ கரை விவசாயி!