வண்டிக் கொட்டகையில் இருக்கவேண்டிய கருவிகள்

கட்டை வண்டிக்கு மை போடும் குடியானவர், இருசின் கீழ் முட்டுக் கொடுத்த பின்னரே சக்கரத்தைக் கழற்றுவது வழக்கம். அவ்வண்டி நின்ற கொட்டகையில் இன்று பல கிராமங்களில் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் சிறு லாரியும் நிற்கின்றன. வண்டி மாறினும் அப்பழைய எச்சரிக்கை மாறலாகாது. சிறு பழுதுகளை வீட்டிலேயே சீர்செய்து கொள்வதால் பணமும், உழவுப் பருவத்தில் பணத்தினும் அரியவான நாட்களும் மிஞ்சும். எனினும் கருவிகளை வாங்குவதில் ஒரு வரிசை உண்டு. உயிரைக் காப்பவற்றை முதலிலும், திருகுவனவற்றை அடுத்தும், அளப்பனவற்றை அதன் பின்னரும் வாங்குதல் நலம்.

தாங்கும் கருவிகள்

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. எண்ணெய் ஜாக்கியின் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிடின், எண்ணெய் கசிந்து பாரம் கீழே இறங்கிவிடும். ஆகையால் வண்டியைத் தூக்கியவுடன், அதன் எடையைத் தாங்கவல்ல இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டை இருசின் கீழ் நிறுத்தி, பாரத்தை அவற்றின்மேல் இறக்கிவிட வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இதற்கு உதவா. அவை திடீரென நொறுங்கும் இயல்பின. மண் தரையாயின் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை இடுதல் வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் அவசியம். டிராக்டரின் பின்னால் தூக்கி நிற்கும் கலப்பையும் எண்ணெயின் அழுத்தத்தால் நிற்பதேயாம். அதனைத் தரையில் இறக்காமல் அதன் கீழ்க் கை நீட்டலாகாது.

திருகும் கருவிகள்

எல்லா நட்டுக்கும் ஸ்குரூ ஸ்பானர் ஒன்றே போதுமென்று எண்ணுவோர் உளர். அதன் வாய் தளர்ந்து, நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ரிங் ஸ்பானரோ ஆறு மூலைகளையும் ஒருங்கே பற்றும். 8 முதல் 24 மில்லிமீட்டர் வரையுள்ள ஒரு செட்டு பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். பழைய டிராக்டர்கள் சிலவற்றில் அங்குல அளவு நட்டுகள் உள்ளன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதற்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானரை இட்டு வலிந்து திருகினால் தலை மழுங்கக்கூடும். ஆதலின் வண்டியின் அளவுமுறையை அறிந்தே ஸ்பானர் வாங்க வேண்டும். துருப்பிடித்த நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்திருந்து திருகுக.

அளக்கும் கருவிகள்

டயரின் காற்றைக் காலால் உதைத்து அறிய முடியாது. அதற்குக் காற்று கேஜ் வேண்டும். வண்டி ஓடி டயர் சூடேறுமுன் அளப்பதே சரியான அளவாகும். 12 வோல்ட் பாட்டரி ஓய்வாக இருக்கும்போது மீட்டரில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்துள்ளது எனலாம். 12 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கின் உடனே சார்ஜ் செய்தல் வேண்டும். பாட்டரியைக் கழற்றுகையில் நெகடிவ் முனையை முதலில் எடுக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு எழுமாதலால் பீடி, விளக்கு முதலியன அருகே கூடா. சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, வண்டியின் கைப்புத்தகம் கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சினால் முறுக்குதல் சிறந்தது. அரை மீட்டர் நீளப் பிடியின் நுனியில் 20 கிலோ எடையளவு அழுத்தினால், ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு உண்டாகும்.

இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் வாங்க வேண்டுவதில்லை. ஒரு ஜோடி ஸ்டாண்டு, ரிங் ஸ்பானர் செட்டு, காற்று கேஜ், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி ஆகியவை முதலில் போதும். பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றின் பழுதுகளைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுதல் வேண்டும். வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, எண்ணி மாட்டிவைப்பாராயின் அவை நெடுநாள் உழைக்கும்.