பின் நம்பர் கேட்காமல் பணம் கட்டும் ஏஐ: தப்பு நடந்தால் யார் பொறுப்பு?

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கினாலும் சரி, திண்டிவனத்தில் இறங்கி ஒரு டீ குடித்தாலும் சரி, இப்போதெல்லாம் யுபிஐதான். ஸ்கேன் செய்கிறோம், தொகையைப் போடுகிறோம், பின் நம்பரை அழுத்துகிறோம். அந்தக் கடைசி நொடிதான் முக்கியம். 'ஆமா, இந்தப் பணத்தை நான்தான் கொடுக்கிறேன்' என்று வங்கியிடம் நாம் சொல்லும் இடம் அது. இப்போது அந்த இடத்துக்கு ஏஐ வருகிறது.

என்ன நடந்தது?

2025 அக்டோபரில், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, ரேசர்பே, ஓபன்ஏஐ மூன்றும் சேர்ந்து ஒரு சோதனைத் திட்டத்தை அறிவித்தன. சாட்ஜிபிடியில் பேசிக்கொண்டே பொருளைத் தேர்வு செய்து, அங்கேயே யுபிஐயில் பணமும் கட்டிவிடலாம். பிக்பாஸ்கெட்டும் வி மொபைல் நிறுவனமும் முதலில் இணைந்தன. வங்கிகள் தரப்பில் ஆக்சிஸ் வங்கியும் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியும் இருக்கின்றன.

சாதாரண சாட்பாட் பதில் சொல்வதோடு நின்றுவிடும். 'ஏஜென்ட்' என்பது நம் சார்பில் வேலையைச் செய்து முடிக்கும் ஏஐ. 'மாசக் கடைசியில் அப்பா போனுக்கு ரீசார்ஜ் பண்ணிடு' என்றால் போதும். பிளானைத் தேடி, விலையைப் பார்த்து, பணத்தையும் கட்டிவிடும்.

பின் நம்பர் இல்லாமல் எப்படி?

இதற்கு யுபிஐயில் இரண்டு வசதிகள் பயன்படுகின்றன.

முதலாவது யுபிஐ சர்க்கிள். 2024-ல் வந்தது. விழுப்புரத்தில் வேலை பார்க்கும் மகள், திண்டிவனத்தில் இருக்கும் அப்பாவுக்குத் தன் கணக்கிலிருந்து செலவு செய்யும் அனுமதியைக் கொடுக்கலாம். முழு அனுமதி கொடுத்தால் அப்பா ஒவ்வொரு முறையும் மகளைக் கேட்க வேண்டாம். ஆனால், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் என்று வரம்பு உண்டு. ஏஜென்ட் விஷயத்தில் அப்பா இருக்கும் இடத்தில் மென்பொருள் உட்காருகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது யுபிஐ ரிசர்வ் பே. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கென நம் கணக்கில் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. பணம் நம் கணக்கில்தான் இருக்கும். பொருள் வாங்கும்போது அந்த ஒதுக்கீட்டிலிருந்து மட்டும் கழியும். பையனிடம் 500 ரூபாயைக் கொடுத்து மளிகைக் கடைக்கு அனுப்புவது மாதிரி. அவன் என்ன வாங்கி வந்தாலும் 500-ஐத் தாண்டாது.

அதாவது, ஒவ்வொரு முறையும் சொன்ன சம்மதத்தை, ஒரே தடவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ஆபத்து எங்கே?

ஒன்று, ஏஐ தப்பாகப் புரிந்துகொள்வது. 1 லிட்டர் எண்ணெய் கேட்டால் 5 லிட்டர் டின்னை ஆர்டர் போட்டுவிடலாம்.

இன்னொன்று, ஏஐயையே ஏமாற்றுவது. ஏஜென்ட் இணையப் பக்கங்களைப் படித்துத்தான் வேலை செய்கிறது. அந்தப் பக்கத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாதபடி 'இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு' என்று யாராவது எழுதி வைத்தால், அதை முதலாளி சொன்ன உத்தரவாகவே ஏஐ எடுத்துக்கொள்ளலாம். இதை 'ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்' என்கிறார்கள். இதுவரை மோசடிக்காரர்கள் போன் போட்டு நம்மை ஏமாற்றினார்கள். இனி நமக்காக வேலை செய்யும் மென்பொருளையும் குறி வைப்பார்கள்.

பணம் போனால் திரும்ப வருமா?

இங்கேதான் சிக்கல். நம் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால் என்ன செய்வது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்தது. தவறு நம் மீதோ வங்கி மீதோ இல்லை என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டம் கிடையாது. நம் கவனக்குறைவால் போயிருந்தால், புகார் செய்யும்வரை ஆன இழப்பு நம் தலையில்தான்.

ஆனால் ஏஜென்ட்டுக்கு அனுமதி கொடுத்ததே நாம்தானே? அது தப்பான பொருளை வாங்கினால், அதை 'அனுமதி இல்லாத பரிவர்த்தனை' என்று சொல்ல முடியுமா? பொறுப்பு ஏஐ நிறுவனத்துக்கா, கடைக்கா, வங்கிக்கா, நமக்கா? மனிதத் திருடனை மனதில் வைத்து எழுதிய விதிக்குள் இந்தக் கேள்வி எளிதில் அடங்காது.

நாம் என்ன செய்யலாம்?

போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய தொகையை மட்டும் ஒதுக்குங்கள். சம்பளமோ, நெல், மணிலா விற்ற பணமோ வரும் கணக்கை இதில் இணைக்காமல், தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. கொடுத்த அனுமதிகளை யுபிஐ ஆப்பில் மாதம் ஒருமுறை பார்த்து, வேண்டாததை ரத்து செய்யுங்கள். வங்கி எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைக்காதீர்கள். நீங்கள் கட்டாத பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

பின் நம்பரை யாரிடமும் சொல்லாதே என்று வீட்டில் படித்துப் படித்துச் சொன்னோம். இனி அதோடு, எவ்வளவு வரம்பு வைத்திருக்கிறாய் என்றும் கேட்க வேண்டியிருக்கும்.