ரத்தத்தில் ஒரு பிளாஸ்மா, விண்வெளியில் ஒரு பிளாஸ்மா

பிளாஸ்மா என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உண்டு. உயிரியல் பாடத்தில் வருவது, ரத்த அணுக்கள் மிதக்கும் மஞ்சள் நிறத் திரவம். இயற்பியல் பாடத்தில் வருவது, திட, திரவ, வாயு நிலைகளுக்கு அடுத்ததாகச் சொல்லப்படும் பொருளின் நான்காம் நிலை. முன்னது 37 டிகிரி செல்சியஸில் உடம்புக்குள் ஓடுகிறது. பின்னதால் ஆனது சூரியன். இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததற்கு அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் காரணம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில், அழுத்தம் குறைந்த வாயுவினூடே மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்த அவர், ஒளிரும் அந்த வாயுவுக்கு 1928இல் பிளாஸ்மா என்று பெயரிட்டார். ரத்தத்தின் பிளாஸ்மா அணுக்களைச் சுமப்பதைப் போல இந்த வாயு எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமக்கிறது என்பது அவர் மனத்தில் இருந்த ஒப்புமை என்று, உடன் பணியாற்றிய ஹரால்டு மாட்-ஸ்மித் பிற்காலத்தில் எழுதினார். ஒப்புமை பாதிதான் பொருந்தும். ரத்தத்தில் சுமக்கும் திரவம் வேறு, சுமக்கப்படும் அணுக்கள் வேறு. வாயு பிளாஸ்மாவிலோ எலெக்ட்ரான்களும் அயனிகளும்தான் பிளாஸ்மா. அவற்றைச் சுமக்கத் தனியாக எதுவும் இல்லை. 

ரத்தத்தின் பிளாஸ்மாவை எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் பார்க்கலாம். உறையாமல் தடுக்கும் மருந்து பூசிய குழாயில் ரத்தத்தை எடுத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சில நிமிடங்கள் சுழற்றினால் அது மூன்று அடுக்காகப் பிரிகிறது. அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். அதன்மேல் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்த, வெளிறிய மெல்லிய படலம். அதற்கும் மேலே தெளிந்த மஞ்சள் திரவமாகப் பிளாஸ்மா. மொத்த அளவில் ஏறத்தாழ 55 விழுக்காடு இதுதான். பெரியவர் ஒருவரின் உடலில் ஐந்து லிட்டர் ரத்தம் இருந்தால், அதில் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிளாஸ்மா இருக்கும். அதன் நிறமே சில செய்திகளைச் சொல்லிவிடும். மஞ்சள் காமாலை வந்தவரின் பிளாஸ்மா அடர்மஞ்சளாக இருக்கும். எண்ணெயும் நெய்யும் மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் அது பால் கலந்ததுபோல் கலங்கித் தெரிவதுண்டு. மருந்து பூசாத குழாயில் ரத்தம் முதலில் உறைந்துவிடும். அதன்பின் கட்டியிலிருந்து பிரிந்து நிற்கும் திரவத்துக்குப் பெயர் சீரம். உறைதலுக்கான ஃபைப்ரினோஜென் முதலிய புரதங்கள் அதில் செலவாகியிருக்கும். பிளாஸ்மாவுக்கும் சீரத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

பிளாஸ்மாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். ஏழெட்டு விழுக்காடு புரதங்கள். எஞ்சிய சிறு பகுதியில் உப்புகள், சர்க்கரை, கொழுப்பு, யூரியா, ஹார்மோன்கள் எல்லாம் அடங்கும். புரதங்களில் பாதிக்கு மேல் கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் முதன்மையான வேலை. கல்லீரல் கெட்டோ, சிறுநீரில் புரதம் கசிந்தோ ஆல்புமின் குறைந்தால், தண்ணீர் குழாயை விட்டு வெளியேறிக் கால் வீங்கும். வயிற்றிலும் நீர் கோக்கும். குளோபுலின்களில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உள்ளன. ஃபைப்ரினோஜென் காயம் பட்ட இடத்தில் இழைகளாக மாறி வலைபோலப் பின்னி, ரத்தம் கசியாமல் அடைக்கிறது.

பிளாஸ்மா குழாய்க்குள்ளேயே இருக்க வேண்டியதன் அவசியத்தை டெங்கு காய்ச்சல் காட்டும். தட்டணு எண்ணிக்கை எவ்வளவு என்பதுதான் வீட்டாரின் முதல் கேள்வி. ஆனால் கடுமையான டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் பிளாஸ்மாக் கசிவால் வருகிறது. நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. குழாய்க்குள் எஞ்சிய ரத்தம் கெட்டியாகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை விழுக்காடு என்று காட்டும் பி.சி.வி. பரிசோதனையில் எண் ஏறினால் மருத்துவர் எச்சரிக்கையாவது இதனால்தான். காய்ச்சல் விடும் நாள்களில், நோயாளி தேறிவிட்டதாக வீட்டார் நினைக்கும் வேளையில், இந்தக் கசிவு தொடங்குகிறது என்பது இதில் மோசமான செய்தி.

தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துச் சில மணி நேரத்துக்குள் உறைய வைத்தால், ஓராண்டு வரை கெடாது. தேவைப்படும்போது 37 டிகிரி நீர்த்தொட்டியில் உருக்கி ஏற்றுகிறார்கள். சிவப்பணுக்களுக்கான பொருத்த விதி இங்கே தலைகீழாகிறது: சிவப்பணுக்களை எல்லாருக்கும் தரக்கூடிய பிரிவு ஓ நெகட்டிவ், பிளாஸ்மாவை எல்லாருக்கும் தரக்கூடிய பிரிவு ஏபி. ஏபி பிரிவினரின் பிளாஸ்மாவில் மற்றப் பிரிவுகளின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இல்லாததே காரணம். பலரது பிளாஸ்மாவைச் சேர்த்து, ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கான எட்டாம் உறைதல் காரணி என்று தனித்தனியாகவும் பிரித்தெடுக்கிறார்கள்.

பாம்புக் கடிக்கான மருந்தும் பிளாஸ்மாவிலிருந்து வருவதுதான், மனிதனுடையதன்று, குதிரையுடையது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து மருந்து தயாரிப்போருக்கு அது தருகிறது. நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகக் கூட்டிச் செலுத்தினால், குதிரையின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள்கள் பெருகும். ரத்தத்தை எடுத்துப் பிளாஸ்மாவைப் பிரித்து, அந்த எதிர்ப்பொருள்களைத் தூய்மையாக்கினால் நச்சுமுறி மருந்து கிடைக்கிறது. நோயை வென்ற உடலின் திரவத்தை இன்னோர் உடலுக்குக் கொடுக்கும் இந்த வழியை 1890இல் பேரிங், கிட்டசாடோ என்ற இரு விஞ்ஞானிகள் நிறுவினார்கள். ஆனால் எல்லா நோய்க்கும் இது பலிப்பதில்லை. கொரோனா தொற்றிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவுக்காக 2020இல் நாடே அலைந்தது. அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், அது நோய் முற்றுவதையோ இறப்பையோ குறைக்கவில்லை என்று தெரிந்தது. அப்படியிருந்தும் 2021 மே மாதம்தான் அது சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது.

இயற்பியலின் பிளாஸ்மா முற்றிலும் வேறு. வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து, எதிர்மின் எலெக்ட்ரான்களும் நேர்மின் அயனிகளும் தனித்தனியே அலையும் நிலை இது. மொத்தத்தில் இரு மின்னூட்டங்களும் சமமாகவே இருக்கும். ஆனால் பிளாஸ்மாவில் மின்சாரம் பாயும், காந்தப்புலம் அதை வளைக்கும், ஒரு மூலையில் ஏற்படும் கலக்கம் அலையாகப் பரவும். எந்த வெப்பத்தில் எவ்வளவு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் தந்தவர் இந்திய இயற்பியலாளர் மேகநாத சாகா. விண்மீன்களின் நிறமாலையிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிவகுத்தது இந்தச் சமன்பாடு.

பிளாஸ்மா என்றாலே கை வைக்க முடியாத சூடு என்று எண்ணிவிடக் கூடாது. எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். ஆர்கானும் சிறிதளவு பாதரச ஆவியும் நிரம்பிய குழாயில் மின்சாரம் பாய்கையில் எலெக்ட்ரான்கள் பாதரச அணுக்களை மோதுகின்றன. அணுக்கள் புற ஊதா ஒளியை உமிழ, கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. அந்த எலெக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 டிகிரி அளவுக்கு இருக்கும். குழாயோ தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. வெப்பநிலை என்பது துகளின் வேகத்தைச் சொல்வது. மொத்த வெப்பம் எத்தனை துகள்கள் என்பதையும் பொறுத்தது. சூரியனிலும் இதே கதைதான். அதன் மேற்பரப்பான ஒளிமண்டலம் 5,500 டிகிரி. அதற்கு மேலே பரவிய, கொரோனா எனப்படும் புற மண்டலம் 10 லட்சம் டிகிரிக்கும் மேல். ஆனால் கொரோனாவின் அடர்த்தி மிக மிகக் குறைவு. அதற்குள் புகுந்து வெளிவர 2018இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலத்தின் கேடயம் தாங்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 1,400 டிகிரியைத்தான். அதுவும் பெரும்பாலும் சூரிய ஒளியால் ஏறும் சூடு. மேற்பரப்பைவிடக் கொரோனா ஏன் இத்தனை மடங்கு சூடாக இருக்கிறது என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கொரோனாவிலிருந்து பிளாஸ்மா ஓயாமல் வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. இந்தச் சூரியக் காற்றை 1958இல் கணித்துச் சொன்ன யூஜின் பார்க்கரின் பெயரைத்தான் அந்த விண்கலம் தாங்கியுள்ளது. விநாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இந்தக் காற்றில், பூமியருகே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில துகள்களே இருக்கும். இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம் 2024 ஜனவரி முதல், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று இதை அளந்து வருகிறது. சூரியக் காற்று தள்ளும் எல்லையைத் தாண்டி வாயேஜர் 1 விண்கலம் 2012 ஆகஸ்டில் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் நுழைந்தது. சுற்றியுள்ள பிளாஸ்மாவின் அடர்த்தி பல மடங்கு கூடியிருந்ததைக் கொண்டே விஞ்ஞானிகள் அதை உறுதி செய்தனர். காணக்கூடிய பிரபஞ்சப் பொருளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிளாஸ்மா என்பது வழக்கமான மதிப்பீடு. பாடநூல் நான்காவதாக வைக்கும் நிலைதான் பிரபஞ்சத்தில் முதலிடத்தில் இருக்கிறது.

பூமிக்கும் சொந்தமாக ஒரு பிளாஸ்மா உறை உண்டு: அயனி மண்டலம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும் இது சிற்றலை வானொலியைத் திருப்பி அனுப்புகிறது; இரவில் தொலைதூர நிலையங்கள் தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதற்கு மேலே, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் பலமான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதை ஆராய வாகான இடம் என்பதாலேயே கேரளத்தின் தும்பா தேர்வாகி, 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. திருநெல்வேலியிலும் இதற்கென ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. சூரியனிலிருந்து பெரும் பிளாஸ்மா வீச்சு வந்து மோதும்போது காந்தப் புயல் எழுந்து அயனி மண்டலம் கலங்குகிறது. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது அத்தகைய புயலால். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயிலும் வானம் சிவந்து ஒளிர்ந்தது.

இரண்டு பிளாஸ்மாக்களும் இன்று சந்திக்கும் இடம் மருத்துவமனை. இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிந்தால், எண்டோஸ்கோப் குழாய் வழியே ஆர்கான் வாயுவைச் செலுத்தி, உயர் அதிர்வெண் மின்சாரத்தால் அதைப் பிளாஸ்மாவாக்குகிறார்கள். மின்சாரம் அந்தப் பிளாஸ்மா வழியே திசுவைச் சென்றடைகிறது. கருவி திசுவைத் தொடுவதில்லை. சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் திசு சூடாகி, அங்குள்ள புரதங்கள் இறுகுகின்றன; கசிவு நின்றுவிடுகிறது.