8 பிட்டா, 16 பிட்டா?

கலியாணப் படம் எடுக்கும் நமது இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வி தொழில்நுட்பம் பற்றியது. விடையோ இலாப நட்டத்தைப் பற்றியது.

பிட் என்பது நிறத்தின் படிகளைச் சொல்லும் கணக்கு. 8 பிட்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். 16 பிட்டில் 65,536 வரை. பார்ப்பதற்கு 256 பெரும்பாலும் போதும். திருத்துவதற்குத்தான் போதாது. பேருவளைக் கடற்கரையில் அந்தி நேரம் எடுத்த இருண்ட படத்தை வெளிச்சமாக்கினால், வானம் பட்டை பட்டையாகத் தெரியும். ஆல்பம் அச்சான பின்னர் அதைக் கண்டால் மறு அச்சுச் செலவு நமது தலையில்தான்.

16 பிட்டுக்கும் விலை உண்டு. 24 மெகாபிக்சல் படமொன்று சுருக்காத நிலையில் 8 பிட்டில் ஏறத்தாழ 72 மெகாபைட். 16 பிட்டில் 144.

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான். கெமராவில் ‘ரோ’வாக எடுங்கள், பெரும்பாலும் 12 அல்லது 14 பிட் தகவல் அதில் இருக்கும். திருத்தி முடியும் வரை 16 பிட்டில் வைத்திருங்கள். அச்சுக்கும் வாடிக்கையாளருக்கும் கொடுக்கும் பிரதியை மட்டும் 8 பிட் ‘ஜேபெக்’ ஆக்குங்கள். ஜேபெக்கைப் பின்னர் 16 பிட்டாக மாற்றினாலும் இழந்த படிகள் திரும்பி வராது. கடவுச்சீட்டுப் படத்துக்கு இத்தனையும் வேண்டாம். 8 பிட்டே போதும்.

இடம் போதவில்லையென்று ரோ கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். வாடிக்கையாளரின் படம் நம்மிடமுள்ள அமானிதம். இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம். நடந்து முடிந்த நிக்காஹ்வை மறுபடி படமெடுக்க முடியாது.