ஒரே களமா, தனிக் களமா?

நுழையும்முன்

ஆடவர் அணி, மகளிர் அணி என்னும் பிரிவு விளையாட்டோடு உடன்பிறந்தது போல் நமக்குத் தோன்றுகிறது. அப்பிரிவு எப்படி வந்தது, யாரைக் காத்தது, யாரைத் தடுத்தது என்னும் வினாக்களை எழுப்பிப் பார்த்தால் விடைகள் ஒரே திசையில் அமைவதில்லை. அவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

மாலை நேரத்தில் ஏதேனும் ஒரு தெருவில் நின்று பிள்ளைகள் ஆடுவதைப் பாருங்கள். கண்ணாமூச்சி, கல்லா மண்ணா, கிட்டிப்புள் என எதுவாயினும் ஆணும் பெண்ணும் கலந்தே ஆடுவர். அணி பிரிக்கும்போது, 'யார் நன்றாக ஓடுவார்?' என்பது ஒன்றே அவர்கள் கேட்கும் கேள்வி. பிறகு ஒரு நாள், ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ, அந்தப் பெண்பிள்ளை ஆட்டத்திற்கு வருவதில்லை. யாரும் அவளைத் தடுத்ததாகச் சொல்ல மாட்டார்கள். அவளும் ஏன் வரவில்லை என்று சொல்ல மாட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் இருந்துவரும் எனக்கு, இந்த ஓசையற்ற விலகல்தான் இப்பொருள் குறித்து எழுதத் தூண்டியது.

சங்க இலக்கியம் காட்டும் வாழ்விலும் ஆட்டங்கள் பிரிந்தும் கலந்தும் கிடந்தன. ஓரையும் பந்தும் கழங்கும் ஊசலும் மகளிர்க்குரியனவாகவும், ஏறுதழுவல் ஆடவர்க்குரியதாகவும் பேசப்படுகின்றன. புதுப்புனலாட்டில் இருபாலரும் சேர்ந்து மகிழ்ந்தனர். ஆனால், அணி, விதி, நடுவர், பதக்கம் என்னும் அமைப்போடு கூடிய இன்றைய விளையாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளைவு. அதன் வாயிற்கதவு பெண்களுக்கு எளிதில் திறக்கவில்லை.

மூடிய கதவு

1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கில் ஒரு பெண்கூடப் பங்கேற்கவில்லை. ஒலிம்பிக்கை மீட்டெடுத்த பியர் தெ கூபர்த்தேன் பெண்கள் போட்டியிடுவதை விரும்பாதவர். எனினும் 1900இல் பாரிசில் பெண்கள் சிலர் களமிறங்கினர். டென்னிசு ஒற்றையரில் இங்கிலாந்தின் சார்லட் கூப்பர் வென்றார். அதே ஆண்டு பாய்மரப் படகுப் போட்டியில் ஆடவரோடு ஒரே படகில் சென்ற எலன் தெ பூர்த்தாலே வெற்றி பெற்ற குழுவில் இடம்பெற்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் கால்வைத்த முதல் ஆண்டிலேயே தனிப் போட்டியும் கலப்புப் போட்டியும் இருந்தன என்பது கருதத்தக்கது.

1928இல் ஆம்சுடர்டாமில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. செருமனியின் லீனா ராட்கே வென்றார். ஓட்டத்தின் முடிவில் சிலர் களைத்துத் தரையில் அமர்ந்ததைச் செய்தித்தாள்கள் பெரும் அவலமாகத் திரித்து எழுதின. ஓடி முடித்த ஆடவர் தரையில் சாய்ந்தால் அது வீரம். பெண்கள் சாய்ந்தால் அது பலவீனம்! விளைவாக அப்போட்டி 32 ஆண்டுகள் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது.

கால்பந்தின் கதை இதனினும் கடுமையானது. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரசுடன் நகரத் தொழிற்சாலைப் பெண்கள் அமைத்த 'டிக் கெர்' அணியின் ஆட்டத்தை, 1920 திசம்பர் 26 அன்று லிவர்பூலில் 53,000 பேர் கண்டனர். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்குத் தடை விதித்தது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. இங்குப் பெண்கள் கேட்டது ஆடவரோடு ஆடும் உரிமையை அன்று. ஆடுவதற்கு ஒரு மைதானத்தை மட்டுமே.

உடல் சொல்லும் கணக்கு

பூப்பெய்தும் பருவத்திற்கு முன் ஆண், பெண் குழந்தைகளின் ஓட்டத்திலும் தாவலிலும் உள்ள வேறுபாடு சிறிது. அப்பருவத்தில் ஆண்களின் உடலில் டெசுடோசுடிரோன் என்னும் இயக்குநீர் பன்மடங்கு பெருகுகிறது. தசை, எலும்பின் நீளம், இதயத்தின் அளவு, குருதியில் உள்ள ஈமோகுளோபின் ஆகியவை கூடுகின்றன. ஓட்டத்திலும் நீச்சலிலும் உச்ச நிலை வீரர்களிடையே ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு வேறுபாடு காணப்படுகிறது; தாண்டுதலிலும் பளுதூக்குதலிலும் அது மேலும் மிகுகிறது.

எண்களால் இதனை உணரலாம். 100 மீட்டர் ஓட்டத்தில் உசைன் போல்ட்டின் உலகச் சாதனை 9.58 நொடி, பெண்களில் புளோரன்சு கிரிபித் ஜாய்னரின் சாதனை 10.49 நொடி. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் ஆடவர் 100 மீட்டருக்கு நிர்ணயிக்கப்பட்ட நேரடித் தகுதி நேரம் 10.00 நொடி. அதாவது, பூவுலகில் இதுவரை மிக விரைவாக ஓடிய பெண்ணாலும் ஆடவர் போட்டிக்கான அத்தகுதி நேரத்தை எட்ட இயலாது. நீளம் தாண்டுதலில் இடைவெளி 8.95 மீட்டருக்கும் 7.52 மீட்டருக்கும் இடைப்பட்டது. எனவே, தடகளத்தில் 'பிரிவு வேண்டா, திறமை உள்ளோர் வெல்லட்டும்' என்று கூறுவது கேட்பதற்குச் சமத்துவம் போல ஒலித்தாலும், நடைமுறையில் இறுதிச்சுற்றில் ஒரு பெண்ணும் இல்லாத நிலையையே உருவாக்கும். மகளிர் பிரிவு சலுகை எனப் பலர் பேசுவதுண்டு. எடைப் பிரிவு இல்லாவிடின் குத்துச்சண்டையில் மெலிந்தவர்க்கு இடமிருக்காது; அதனை யாரும் சலுகை என்பதில்லை.

குறி தவறாத பெண்கள்

ஆயினும், எல்லா விளையாட்டும் தசையை அளப்பவை அல்ல. துப்பாக்கி சுடுதலில் வேண்டுவது அசையாத கையும் அமைதியான மூச்சும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மூன்று நிலைத் துப்பாக்கி சுடுதல் இருபாலர்க்கும் பொதுவாக இருந்தது. அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக்கும் அவருடைய நாட்டவரான லானி பாசமும் 1162 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றனர். சமநிலையை முறிக்கும் விதிப்படி தங்கம் பாசமுக்குச் சென்றது. பதக்கம் வழங்கும்போது பாசம், இரண்டாம் படியில் நின்ற மர்டாக்கின் கைப்பற்றித் தம் படிக்கே அழைத்துக்கொண்டார். நாட்டுப்பண் ஒலித்தபோது இருவரும் ஒரே படியில் நின்றனர்.

1992இல் பார்சிலோனாவில் வானில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் 'சுகீட்' போட்டி நடந்தது, அதுவும் பொதுப்போட்டியே. சீனாவின் சாங் சான் இறுதிச் சுற்றுக்கு முன்னர் 200 இலக்குகளில் ஒன்றையும் தவறவிடவில்லை. மொத்தம் 223 புள்ளிகள் பெற்று, களத்தில் இருந்த ஆடவர் அனைவரையும் விஞ்சித் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில், 1996இல், சுகீட் போட்டி ஆடவர்க்கு மட்டும் என்றாயிற்று. பெண்களுக்குத் தனிப்பிரிவும் இல்லை. தங்கம் வென்றவர் தம் தங்கத்தைக் காத்துக்கொள்ளக்கூட வழியின்றி வீட்டிலிருந்தார். மகளிர் சுகீட் 2000இல் சிட்னியில்தான் வந்தது. இம்மாற்றத்திற்கு நிருவாகக் காரணங்கள் பல கூறப்படலாம். ஆனால், பிரிவு என்பது காக்கும் வேலியாக மட்டுமன்றி வெளியே நிறுத்தும் மதிலாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தசையே தேவைப்படாத சதுரங்கத்தில்?

சதுரங்கத்தில் தூக்க வேண்டிய பளு ஏதுமில்லை. பின் ஏன் மகளிர் பிரிவு? முதலில் ஒரு திருத்தம்: சதுரங்கத்தில் 'ஆடவர் பிரிவு' என ஒன்று இல்லை. இருப்பவை பொதுப்பிரிவும் மகளிர் பிரிவும். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடிலும் அவ்வாறே. பொதுப்பிரிவில் பெண்கள் ஆடத் தடையில்லை.

அங்கேரியின் யூதித் போல்கார் இளமையிலேயே மகளிர் போட்டிகளைத் துறந்து பொதுப்போட்டிகளையே நாடினார். 1991இல், தம் 15ஆம் வயதில், பாபி பிசரின் சாதனையை முறியடித்துக் கிராண்ட்மாசுடர் ஆனார். 2002இல் காசுபரோவை வென்றார். உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தார். மகளிர் உலக வாகையர் பட்டத்திற்கு அவர் போட்டியிட்டதே இல்லை. வலிமை மிக்கோருடன் ஆடினால்தான் வலிமை வளரும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை வலுவானது. ஆயினும், நூறு சிறுவர் அமர்ந்திருக்கும் அரங்கில் தான் ஒருத்தியே சிறுமி எனக் காணும் எட்டு வயதுக் குழந்தையின் நிலையையும் எண்ண வேண்டும். பரிசுத்தொகை, ஆதரவாளர், உடன் பயணிக்கும் துணை, விளையாட்டு இட ஒதுக்கீட்டில் வேலை ஆகியவை மகளிர் பிரிவின் வழியாகவே பல குடும்பங்களை எட்டுகின்றன. மாமல்லபுரத்தில் இந்திய மகளிர் அணி வெண்கலம் வென்றது. நிறைமாதக் கருவுற்றிருந்த ஹரிகா அவ்வணியில் ஆடினார். அதே அணியில் இருந்த சென்னையின் வைசாலி, மறு ஆண்டு 2500 புள்ளிகளைக் கடந்து கிராண்ட்மாசுடர் தகுதியை எட்டினார். இப்பட்டத்திற்கு ஆண், பெண் என்ற வேறுபாடில்லை. 'மகளிர் கிராண்ட்மாசுடர்' என்னும் தனிப்பட்டத்திற்கோ 2300 புள்ளிகள் போதும். மகளிர் பிரிவில் தொடங்கிப் பொதுத்தகுதியை எட்டியவர் வைசாலி. ஏணியாக உள்ளவரை அப்பிரிவு நன்று. குறைந்த அளவுகோலோடு மனம் அமைந்துவிடுமானால் அதுவே கூரையாகிவிடும். ஓர் ஆசிரியராக எனக்கு அந்த 2300 சற்று உறுத்துகிறது.

கோட்டின் மீது நிற்பவர்

தனிப்பிரிவு என்றால் ஒரு கோடு வரைய வேண்டும். கோடு வரைந்தால், யார் எந்தப் பக்கம் என ஆராய ஒரு காவலரும் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் எளிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராசன் 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனையின் முடிவைக் காட்டி அப்பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. மறைவாக இருந்திருக்க வேண்டிய மருத்துவச் செய்தி உலகெங்கும் பரவியது. அவர் ஊக்கமருந்து எதையும் உட்கொள்ளவில்லை. தாம் பிறந்த உடலோடு ஓடினார். பின்னாளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராகி, இளையோரை ஓடச் செய்தார்.

ஒடிசாவின் தூதி சந்த் 2014இல் இத்தகைய தடையைச் சந்தித்தபோது பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றத்தை நாடினார். 2015இல் அம்மன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. அதன்பின் விதிகள் பலமுறை மாறிவிட்டன. பிரிவின் நியாயத்தைக் காக்க விரும்புவோர்க்கும் தனிமனித மாண்பைக் காக்க விரும்புவோர்க்கும் இடையிலான வழக்கு இன்னும் முடியவில்லை. இவ்விரு தரப்பினரும் வலுவான காரணம் உடையவர்களே. ஆயினும், சோதனை முடிவை ஊரறியச் செய்வதற்கு எந்தத் தரப்பின் காரணமும் இடந்தராது.

சேர்ந்தாடப் பிறந்த ஆட்டங்கள்

நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியர் நிகோ புரூக்கைசன் 1902இல் 'கார்ப்பால்' என்னும் பந்தாட்டத்தை அமைத்தார். அணிக்கு நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். 3.5 மீட்டர் உயரக் கூடையில் பந்தை இட வேண்டும். பந்தோடு ஓடக் கூடாது. கூடையை நோக்கி எறியும் பெண்ணைப் பெண்ணும், ஆணை ஆணுமே தடுக்கலாம். இதனால் உயரமும் வேகமும் ஆட்டத்தை விழுங்கிவிடுவதில்லை. ஓர் ஆசிரியர் தம் வகுப்பை மனத்திற்கொண்டு வகுத்த விதிகள் இவை என்பதில் எனக்குச் சிறு பெருமிதம் உண்டு.

கலப்புத் தொடரோட்டமும் இவ்வகையதே. 2018 சகார்த்தா ஆசிய விளையாட்டில் முகமது அனசு, பூவம்மா, கிமா தாசு, ஆரோக்கிய ராஜீவ் ஆகியோர் 4×400 மீட்டரில் இரண்டாமிடம் பெற்றனர். முதலில் வந்த பகுரைன் அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் தங்கம் இந்தியாவுக்கு வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இப்போட்டியில் ஓடிய இந்திய அணியின் நால்வரில் ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டினர். தொடக்கத்தில் யார் எப்போது ஓடுவது என்பது அணியின் விருப்பம். 2019 தோகா இறுதிப்போட்டியில் போலந்து மட்டும் ஆண்கள் இருவரை முதலில் ஓடவிட்டுப் பெரும் முன்னிலை பெற்றது; கடைசிச் சுற்றில் பிற நாட்டு ஆண்கள் துரத்திவந்து கடந்தனர். 2022 முதல் ஆண், பெண், ஆண், பெண் என வரிசை நிலைப்படுத்தப்பட்டது. இன்று இறுதிக்கோட்டைத் தொடுபவர் பெண்.

நம் பள்ளி ஆடுகளம்

ஆட்டத்திற்கு ஏற்ற விதி இல்லாவிடில் கலப்பு அணி பெயரளவில் நின்றுவிடும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆண்டுவிழாவுக்காக இருபாலரும் கலந்த கைப்பந்து அணிகளை அமைத்தோம். பெண்கள் பின்வரிசையில் நிறுத்தப்பட்டனர். ஆட்டம் முடியும்வரை அவர்கள் கைக்குப் பந்து வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆசிரியர்களாகிய நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். விழா முடிந்தபின் ஒரு மாணவி, "ஐயா, நாங்கள் ஆடினோமா, நின்றோமா?" என்று கேட்டாள். வலையின் உயரம் ஆடவர்க்கு 2.43 மீட்டர், மகளிர்க்கு 2.24 மீட்டர் என்பதும், அன்று நாங்கள் கட்டியது ஆடவர் வலை என்பதும் அதன்பிறகே எங்களுக்கு உறைத்தன.

இங்கிலாந்தில் 1978இல் சிறுவர் அணியில் கால்பந்து ஆட விரும்பிய சிறுமி ஒருத்தி வழக்குத் தொடுத்தாள். கீழ்நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. பிற்காலத்தில் அச்சங்கமே கலந்தாடும் வயது வரம்பைப் படிப்படியாக உயர்த்தி 18 வரை கொண்டுவந்தது. சேர்ந்தாடுவது கட்டாயமன்று, விரும்புவோர்க்குத் தடையில்லை. அதேவேளை மகளிர் அணிகளும் தனியே வளர்கின்றன. என் கருத்தில், நடுநிலை வகுப்புகள் வரை பயிற்சியும் ஆட்டமும் கலந்தே நிகழலாம். அதன்பின் உடல்வலிமை முடிவுசெய்யும் போட்டிகளில் தனிப்பிரிவு வேண்டும். சதுரங்கம், குறிபார்த்தல் போன்றவற்றில் பொதுப்பிரிவின் கதவும் திறந்திருக்க வேண்டும்.

தனி அணி என்று சொல்லிவிட்டு, மாலை ஐந்து மணிவரை மைதானம் முழுவதையும் மாணவர்களுக்கே விட்டுவிட்டால், அந்த அணி வருகைப்பதிவேட்டில் மட்டுமே இருக்கும். பெண்களுக்கு உடைமாற்றும் அறையும் தூய கழிப்பறையும் இல்லாத பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஏன் ஆட்டத்திற்கு வருவதில்லை என்று வியப்பதற்கு ஏதுமில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி ஆடுகளத்தை ஒரு வாரம் கவனித்து, மாணவரும் மாணவியரும் அதனைப் பயன்படுத்தும் நேரத்தைத் தனித்தனியே குறித்து அட்டவணைப்படுத்துக. அதனை உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டிக் கலந்துரையாடுக.

2. உங்கள் பகுதியில் ஆடப்படும் ஏதேனும் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, இருபாலரும் பந்தை உண்மையாகவே தொடும் வகையில் அதன் விதிகளை மாற்றி எழுதுக. அவ்விதிகளின்படி ஆடிப்பார்த்து, எந்த விதி பயன்படவில்லை என்பதைக் குறிப்பிடுக.